பொன்மலையில் 1928: இயந்திரம் வந்தபோது

ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கரியம் செய்தவர்கள் மதிலுக்குள்ளேயே, உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் குடியிருந்தார்கள். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே நாலு எட்டு நடைதான்! சங்கு ஊதினால் உள்ளே போவது, மறுபடி ஊதினால் வெளியே வருவது என்ற வழக்கமெல்லாம் ரயில்வே பட்டறையோடு வந்தது.

2020 ஊரடங்குக்குப் பிறகு அந்த வழக்கம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் பாதி நாள் ஊரில் வீட்டிலிருந்து வேலை, மீதி நாள் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை அலுவலகம் என்று பழகிவிட்டார்கள். இதற்கு ஹைபிரிட் முறை என்று பெயர். கூடவே செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. நாலு பேர் எழுதிய நிரலை ஒருவரே எழுதலாம் என்றால் மீதி மூன்று பேர் எங்கே போவது?

இந்தக் கேள்வி திருச்சிக்குப் புதிதல்ல. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பட்டறைகள் முன்பு நாகப்பட்டினம், போத்தனூர் போன்ற ஊர்களில் இருந்தன. 1920களின் இறுதியில் பொன்மலையில் நவீன இயந்திரங்களோடு பெரிய பட்டறை எழுந்தது. வேலைகளை எல்லாம் அங்கே கொண்டுவரக் கம்பெனி முடிவு செய்தது. கடலோரத்தில் வீடு வாசலோடு இருந்தவர் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு வர வேண்டும். அதற்கும் எல்லோருக்கும் வழியில்லை. புதிய இயந்திரங்களுக்கு இத்தனை ஆள் வேண்டாம் என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நீக்கத் திட்டம் போட்டார்கள்.

யாரை நீக்குவது? அதற்குத் தொழில் தேர்வு வைத்தார்கள்! பல வருடம் சுத்தியல் பிடித்த கை, திறமை இருக்கிறதா என்று பரீட்சை எழுதுவது போலக் காட்ட வேண்டும். தொழிலாளிகளுக்குக் கோபம் வந்தது இங்கேதான். இயந்திரத்தின் மேல் அவர்களுக்குப் பகை இல்லை. ஆனால் அதனால் வரும் லாபம் ஒரு பக்கம், வேலையிழப்பு மறுபக்கம் என்று போனதை ஏற்க முடியவில்லை.

1928 ஜூன் கடைசியில் பட்டறைகளில் கதவடைப்பு. ஜூலை 20 முதல் ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம். ரயில்கள் நின்றன, போலீஸ் வந்தது, தலைவர்கள் கைதானார்கள். பத்து நாளில் போராட்டம் முடிவுக்கு வந்தது. தொழிலாளிகள் கேட்டது கிடைக்கவில்லை. 68 வயதான ம. சிங்காரவேலருக்குப் பத்து ஆண்டு சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1930இல் வெளியே வந்தார். பட்டறை போனதில் நாகப்பட்டினம் களையிழந்தது, பொன்மலை ஒரு தனி ஊராகவே வளர்ந்தது.

அந்தப் பட்டறை இன்றும் இயங்குகிறது. டீசல் எஞ்சின் காலமும் வந்து, மின்சார எஞ்சின் காலமும் வந்த பிறகு, 2011 முதல் நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்கள் செய்து கொடுத்ததும் இதே பொன்மலைதான்.