விளையாட்டுக் கணினி மின்வழங்கி

விளையாட்டுக் கணினி மின்வழங்கி என்பது, நிகழ்பட ஆட்டங்களுக்கென அமைக்கப்படும் மேசைக் கணினியில், வீட்டு இணைப்பின் மாறுதிசை மின்னோட்டத்தைக் கணினியின் உறுப்புகளுக்கு ஏற்ற தாழ்ந்த அழுத்த நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவியாகும். தமிழ்நாட்டுக் கடைவழக்கில் இது எஸ்.எம்.பி.எஸ். என அழைக்கப்படுகிறது. கணினியின் எல்லா உறுப்புகளும் இதன் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. எனவே இது பழுதடையும்போது தாய்ப்பலகை, வரைகலை அட்டை, வன்தட்டு ஆகியவையும் சேர்ந்து பழுதடையக்கூடும். குறைந்த செலவில் கணினி அமைப்போர் பெரும்பாலும் முதலில் செலவைக் குறைப்பது இவ்வுறுப்பில்தான். பெட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள வாட் எண் மட்டும் ஒரு மின்வழங்கியின் தரத்தைக் காட்டுவதில்லை. 12 வோல்ட் தடத்தின் ஆம்பியர் அளவு, பாதுகாப்புச் சுற்றுகள், வீட்டு மின்னிணைப்பின் நிலை ஆகியவற்றையும் சேர்த்தே அதனை மதிப்பிட வேண்டும்.

வரலாறு

1981 ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் மின்வழங்கி 63.5 வாட் திறன் கொண்டிருந்தது. 1984 இல் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியில் இது 192 வாட்டாக உயர்ந்தது. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் சீர்தரத்தை வெளியிட்டது. மென்பொருள் வழியாகக் கணினியை அணைக்கும் வசதியும், 20 முனை கொண்ட ஒற்றை இணைப்பியும் இதனால் வந்தன.

தொடக்ககாலக் கணினிகள் பெரும்பாலும் 5 வோல்ட் தடத்திலிருந்தே மின்சாரம் பெற்றன. பென்டியம் 4 செயலி வந்த 2000 ஆம் ஆண்டு முதல் செயலிக்கெனத் தனி 12 வோல்ட் இணைப்பி சேர்க்கப்பட்டது. 2003 இல் முதன்மை இணைப்பி 24 முனை கொண்டதாயிற்று. இன்று செயலியும் வரைகலை அட்டையும் ஏறத்தாழ முழுமையாக 12 வோல்ட் தடத்தையே சார்ந்துள்ளன. 2022 இல் வெளியான ஏ.டி.எக்ஸ். 3.0 சீர்தரம் 600 வாட் வரை தரவல்ல 16 முனை இணைப்பியை உள்ளடக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் உயர்திறன் வரைகலை அட்டைகள் சிலவற்றில் இவ்விணைப்பி உருகியதாகச் செய்திகள் வந்தன. 2023 இல் வந்த 3.1 பதிப்பில் இணைப்பியின் வடிவம் திருத்தப்பட்டது.

செயல்படும் முறை

இந்தியாவில் வீட்டு இணைப்பின் அழுத்தம் 230 வோல்ட், அதிர்வெண் 50 ஏர்ட்சு ஆகும். மின்வழங்கி முதலில் இதனை இருமுனையங்களால் நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது. அப்போது அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. இந்த மின்சாரம் பெரிய மின்தேக்கி ஒன்றில் சேமிக்கப்படுகிறது. பின்னர் திரிதடையங்கள் அதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறிய மின்மாற்றி ஒன்றிற்குள் செலுத்துகின்றன. அதிர்வெண் உயர்ந்திருப்பதால் மின்மாற்றியின் அளவும் எடையும் வெகுவாகக் குறைகின்றன. மின்மாற்றியிலிருந்து வரும் மின்னோட்டம் மீண்டும் நேராக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, 12, 5, 3.3 வோல்ட் தடங்களாக வெளிவருகிறது.

இத்தடங்களின் அழுத்தம் பொதுவாக 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அதாவது 12 வோல்ட் தடம் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருத்தல் வேண்டும். நேர்திசை மின்னோட்டத்தின் மேல் எஞ்சி நிற்கும் சிற்றலை, 12 வோல்ட் தடத்தில் 120 மில்லிவோல்ட்டுக்கும் மற்ற இரண்டிலும் 50 மில்லிவோல்ட்டுக்கும் மிகலாகாது. தரங்குறைந்த கருவிகளில் வடிகட்டும் உறுப்புகள் சிறியனவாகவோ முற்றிலும் இல்லாமலோ இருப்பதால் சிற்றலை மிகுகிறது. அது தாய்ப்பலகையிலும் வரைகலை அட்டையிலும் உள்ள மின்தேக்கிகளின் ஆயுளைக் குறைக்கிறது.

வாட் அளவும் மெய்யான திறனும்

ஒவ்வொரு மின்வழங்கியின் பக்கவாட்டிலும் தடவாரியான ஆம்பியர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். ஒரு 450 வாட் கருவியின் 12 வோல்ட் தடத்தில் 36 ஆம்பியர் எனக் குறிக்கப்பட்டிருந்தால், அத்தடம் மட்டும் 432 வாட் தரவல்லது. பெட்டியில் 450 வாட் என அச்சிட்டு, அட்டவணையில் 12 வோல்ட் தடத்துக்கு 16 ஆம்பியர் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், இன்றைய கணினிக்குப் பயன்படும் திறன் 192 வாட் மட்டுமே. எஞ்சிய அளவு, சிறிதளவே பயன்படும் 5, 3.3 வோல்ட் தடங்களைக் கூட்டிக் காட்டப்பட்டதாகும். கணினிப் பெட்டியுடன் சேர்த்து விற்கப்படும் மலிவான மின்வழங்கிகள் பலவற்றில் இவ்வேறுபாட்டைக் காணலாம்.

அறிவிக்கப்பட்ட திறன் எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்பதும் இன்றியமையாதது. 25 பாகை செல்சியசில் அளந்த திறனை, கோடையில் 40 பாகையைத் தொடும் ஊரில், கணினிப் பெட்டிக்குள் எதிர்பார்க்க இயலாது. 40 அல்லது 50 பாகையில் முழுத்திறன் தரும் என உற்பத்தியாளர் குறிப்பிடும் கருவியே பொருத்தமானது. மின்தேக்கிகளும் 85 பாகை, 105 பாகை என இருவகைப்படும். வெப்பநிலை 10 பாகை உயரும்போது மின்பகு மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது பொதுவிதி.

தேவையைக் கணக்கிடல்

எடுத்துக்காட்டாக, இன்டெல் கோர் ஐ5-12400எஃப் செயலியின் உச்சத் திறன் அளவு 117 வாட். என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060 வரைகலை அட்டையின் அளவு 115 வாட். தாய்ப்பலகை, நினைவகம், வட்டுகள், விசிறிகள் ஆகியவற்றுக்கு 60 வாட் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 290 வாட் ஆகிறது. வரைகலை அட்டைகள் நொடியின் மிகச்சிறு பகுதியில் தம் அளவைத் தாண்டி மின்சாரம் இழுப்பதால், தேவையைப் போல் ஒன்றரை மடங்கு திறன் கொள்வது வழக்கம். இவ்வமைப்புக்குத் தரமான 450 வாட் கருவி போதும். என்விடியா நிறுவனம் 550 வாட் பரிந்துரைக்கிறது. 750 வாட் எனப் பெயரளவில் கூறும் தரமற்ற கருவியை விட மெய்யான 450 வாட் கருவியே பாதுகாப்பானது.

அலுவலகங்களில் பயன்படுத்திக் கழிக்கப்பட்ட கணினியை வாங்கி, வரைகலை அட்டை மட்டும் சேர்ப்பது மாணவர்களிடையே காணப்படும் மற்றொரு வழியாகும். இவற்றின் மின்வழங்கி சிறியதாகவும், இணைப்பி ஏ.டி.எக்ஸ். சீர்தரத்திலிருந்து வேறுபட்டும் இருப்பதுண்டு. தாய்ப்பலகையின் அட்டைச் செருகுவாய் 75 வாட் வரை தரும். ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற 75 வாட் அட்டைகளுள் தனி மின்னிணைப்பு வேண்டாதவை இவற்றுக்குப் பொருந்தும். சாட்டா இணைப்பியிலிருந்து 6 முனை இணைப்பிக்கு மாற்றும் கம்பியைத் தவிர்க்க வேண்டும். சாட்டா இணைப்பியின் 12 வோல்ட் முனைகள் மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே தாங்கும். 6 முனை இணைப்பியோ 75 வாட் வரை இழுக்கக்கூடியது.

பாதுகாப்புச் சுற்றுகள்

மலிவான கருவிக்கும் நம்பகமான கருவிக்கும் உள்ள முதன்மை வேறுபாடு பழுதின்போதே வெளிப்படுகிறது. பின்வரும் பாதுகாப்புகள் இருப்பின் கருவி தன்னை நிறுத்திக்கொண்டு மற்ற உறுப்புகளைக் காக்கும்:

- மிகையழுத்தக் காப்பு: வெளியீட்டு அழுத்தம் எல்லை மீறினால் நிறுத்தும்.
- தாழ்வழுத்தக் காப்பு: அழுத்தம் மிகத் தாழ்ந்தால் நிறுத்தும்.
- மிகைத்திறன் காப்பு: மொத்தச் சுமை அளவு கடந்தால் நிறுத்தும்.
- மிகையோட்டக் காப்பு: ஒரு தடத்தின் ஆம்பியர் அளவு கடந்தால் நிறுத்தும்.
- குறுக்குச்சுற்றுக் காப்பு: வெளியீட்டுக் கம்பிகள் ஒன்றோடொன்று பட்டால் நிறுத்தும்.
- மிகைவெப்பக் காப்பு: விசிறி நின்றாலோ காற்றோட்டம் தடைபட்டாலோ நிறுத்தும்.

80 பிளஸ் சான்று

80 பிளஸ் என்பது 2004 இல் தொடங்கப்பட்ட பயனுறுதிறன் சான்றாகும். 20, 50, 100 விழுக்காடு சுமைகளில் குறைந்தது 80 விழுக்காடு பயனுறுதிறன் இதன் அடிப்படைத் தகுதி. 115 வோல்ட் சோதனையில் வெண்கலத் தரம் முறையே 82, 85, 82 விழுக்காடும், தங்கத் தரம் 87, 90, 87 விழுக்காடும் எட்ட வேண்டும். இச்சோதனை அறை வெப்பநிலையில் நடப்பது. இது சிற்றலையையோ பாதுகாப்புச் சுற்றுகளையோ அளப்பதில்லை. ஆகவே இச்சான்று தரத்துக்கான ஓர் அறிகுறி மட்டுமே.

300 வாட் சுமைக்கு 85 விழுக்காடு கருவி 353 வாட்டும், 90 விழுக்காடு கருவி 333 வாட்டும் இழுக்கும். நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஆடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 அலகு மின்சாரம் மிச்சமாகும். மின்கட்டணத்தை மட்டும் கருதித் தங்கத் தரத்துக்குக் கூடுதலாகச் செலவிடுவது சிறு பயன்பாட்டாளருக்கு உடனே ஈடாகாது.

தமிழ்நாட்டு மின்சூழல்

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் கடும் மின்பற்றாக்குறை நிலவியது. 2012 இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. வீடுகளில் மின்கல இன்வெர்ட்டர்கள் பரவ இது ஒரு காரணமாயிற்று. பற்றாக்குறை பின்னர் நீங்கினாலும் பராமரிப்பு நிறுத்தங்களும் அழுத்த ஏற்றத்தாழ்வுகளும் தொடர்கின்றன. தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள புளியங்குடி, எலுமிச்சை வணிகத்துக்குப் பெயர்பெற்ற நகராட்சியாகும். இதுபோல் வேளாண்மை சூழ்ந்த ஊர்களில், நீரிறைக்கும் மோட்டார்கள் ஒருசேர இயங்கும் வேளைகளில் அழுத்தம் தாழக்கூடும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் முழுவீச்சுக் கருவிகள் இத்தாழ்வைத் தாமே ஈடுசெய்கின்றன. பழைய, மலிவான கருவிகளின் பின்புறத்தில் 115/230 என்னும் சிவப்பு ஆளி இருக்கும். அது தவறுதலாக 115 நிலையில் இருக்க, 230 வோல்ட் இணைப்புத் தரப்பட்டால் கருவி உடனே வெடித்துப் பழுதாகும்.

நிலத்தொடுப்பு: மின்வழங்கியின் உள்ளே, இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உலோகக் கூட்டுடன் இணைக்கப்பட்டுள்ளன. செருகியின் மூன்றாம் முனை நிலத்துடன் இணையாதபோது கூட்டின் அழுத்தம் ஏறத்தாழ 115 வோல்ட் வரை மிதக்கும். கணினிப் பெட்டியைத் தொட்டால் சுரீரென உணரப்படுவது இதனால்தான். மின்னோட்டம் மிகச் சிறிது எனினும், இது வீட்டில் எர்த் இல்லை என்பதற்கான எச்சரிக்கையாகும். மூன்று முனைச் செருகியை இரண்டு முனைத் துளையில் மாற்றி வழியாகச் செருகுவதும் இதே விளைவைத் தரும். எவ்வளவு விலையுயர்ந்த மின்வழங்கியும் எர்த் இல்லாத குறையை ஈடுசெய்யாது.

இன்வெர்ட்டரும் யூ.பி.எஸ்.சும்: மின்சாரம் நின்றபின் மின்வழங்கி சில மில்லிநொடிகள் தாங்க வேண்டும் என்பது சீர்தரம். அதற்குள் மாற்று மின்சாரம் வந்துவிட்டால் கணினி அணையாது. வீட்டு இன்வெர்ட்டரில் யூ.பி.எஸ். நிலை என்னும் தெரிவு இருப்பின் அதனைப் பயன்படுத்த வேண்டும். மற்ற நிலையில் மாறும் நேரம் கூடுதலாவதால் கணினி மீளத் தொடங்கிவிடும். திறன் காரணி திருத்தம் உள்ள புதிய மின்வழங்கிகள் சில, சதுர அலை இன்வெர்ட்டரில் சரிவர இயங்குவதில்லை. இவற்றுக்குச் சைன் அலை இன்வெர்ட்டர் ஏற்றது.

குறைந்த செலவில் தேர்வு

- கணினிப் பெட்டியையும் மின்வழங்கியையும் தனித்தனியே வாங்குதல் நன்று.
- 12 வோல்ட் தடத்தின் திறன், அறிவித்த மொத்தத் திறனுக்கு நெருங்கியதாக இருத்தல் வேண்டும்.
- வணிகப் பெயரை மட்டும் நம்பலாகாது. பல நிறுவனங்கள் தாமே உற்பத்தி செய்வதில்லை. தைவானின் சீசோனிக், சேனல் வெல் போன்றவை பிற நிறுவனங்களின் பெயரிலும் செய்து தருகின்றன. ஒரே நிறுவனத்தின் இரு வரிசைகள் தரத்தில் பெரிதும் வேறுபடலாம். குறிப்பிட்ட மாதிரியைச் சுமையேற்றிச் சோதித்த மதிப்பாய்வைப் பார்க்க வேண்டும்.
- உத்தரவாதக் காலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் இருப்பது நல்ல அறிகுறி. சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ வாங்கும் சிற்றூர் மக்கள், பழுதானால் எந்த ஊரில் ஒப்படைக்க வேண்டும் என்பதை முன்பே கேட்டறிதல் வேண்டும். விலைச்சீட்டைப் பாதுகாத்தலும் இன்றியமையாதது.
- பழைய மின்வழங்கியை வாங்குவதைத் தவிர்க்கலாம். மின்தேக்கிகளின் தேய்மானம் வெளியே தெரிவதில்லை.

பழுதின் அறிகுறிகள்

ஆட்டத்தின்போது மட்டும் கணினி திடீரென அணைதல் அல்லது மீளத் தொடங்குதல், எரிந்த வாடை, விசிறியின் ஓசை மாறுதல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து விசிறி சுழல்கிறதா எனப் பார்க்கும் சோதனை பழுது நீக்குவோரிடையே வழக்கத்தில் உள்ளது. இது கருவி தொடங்குகிறது என்பதை மட்டுமே காட்டும். சுமையில் அழுத்தம் நிலைக்கிறதா என்பதைக் காட்டாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளிருக்கும் முதன்மை மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். பயிற்சி இல்லாதோர் மின்வழங்கியின் மூடியைத் திறப்பது உயிருக்கு ஊறு விளைவிக்கலாம்.

இவற்றையும் பார்க்க

- தாய்ப்பலகை
- வரைகலை அட்டை
- மின்தேக்கி
- தடையில்லா மின்வழங்கி
- நிலத்தொடுப்பு