தேடுதல் ஆணை இல்லாத சோதனை: அமெரிக்கக் காவல்துறையும் நான்காம் திருத்தமும்

ஒருவருடைய வீட்டுக்குள் புகுந்து தேட வேண்டுமானால் காவலர்கள் முதலில் நீதிபதியிடம் சென்று, தகுந்த காரணத்தைக் காட்டி, எழுத்தில் ஆணை பெற வேண்டும். அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தத்திலிருந்து பிறந்த பொது விதி இது. இதற்கு விலக்குகளும் உண்டு. அவற்றில் மிகவும் சிக்கலானது பாதுகாப்பைக் காரணம் காட்டும் விலக்கு. எதிரே நிற்பவனின் சட்டைக்குள் துப்பாக்கி இருக்கலாம். மூடிய கதவுக்குப் பின்னால் ஒருவர் அடிபட்டுக் கிடக்கலாம். அந்த நேரத்தில் நீதிபதியைத் தேடிப் போக முடியாது. ஆனால் "பாதுகாப்புக்காக" என்ற ஒரு சொல் எந்தக் கதவையும் திறந்துவிடும் என்றால் ஆணை என்பதற்கே பொருளில்லை. இந்த இழுபறியில் எல்லைக்கோடு எங்கே விழ வேண்டும் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1960களிலிருந்து வழக்குக்கு வழக்கு வரைந்துவருகிறது.

பின்னணி

நான்காம் திருத்தத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1762 நவம்பரில் அரசரின் தூதர்கள் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் புகுந்து, நான்கு மணி நேரம் பெட்டிகளையும் அலமாரிகளையும் உடைத்துத் தாள்களை அள்ளிச் சென்றனர். அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு கையெழுத்திட்ட ஆணை அவர்களிடம் இருந்தது. என்டிக் வழக்குத் தொடுத்தார். அப்படி ஓர் ஆணையிட அமைச்சருக்குச் சட்டம் எங்கும் அதிகாரம் தரவில்லை என்று 1765இல் கேம்டன் பிரபு தீர்ப்பளித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களில் சுங்க அதிகாரிகள் கையில் வேறொரு வகை ஆணை இருந்தது. பெயரும் இடமும் குறிக்கப்படாத அந்தத் தாளை வைத்துக்கொண்டு, கடத்தல் சரக்கைத் தேடுவதாகச் சொல்லி, எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். 1761இல் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஓட்டிஸ் இதை எதிர்த்து வாதாடினார், தோற்றார். ஆனால் அந்த வாதத்தை நேரில் கேட்டவர்களில் ஒருவர், பின்னாளில் நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். 1791இல் நடைமுறைக்கு வந்த நான்காம் திருத்தம் இந்த இரண்டு அனுபவங்களுக்கும் எழுதிய பதில் எனலாம். நியாயமற்ற தேடுதல் கூடாது. ஆணை கொடுப்பதானால் தகுந்த காரணம் வேண்டும், தேடும் இடமும் பொருளும் குறிப்பிடப்பட வேண்டும்.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் திருத்தம் தெருவில் நிற்கும் காவலரைப் பெரிதாகத் தொடவில்லை. மாநில நீதிமன்றங்களில், சட்டத்தை மீறி எடுத்த பொருளையும் சாட்சியமாக வைக்க முடிந்தது. அந்த நிலையை மாற்றிய வழக்கு ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரிலிருந்து வந்தது.

1957 மே மாதம், பின்னாளில் குத்துச்சண்டைப் போட்டி ஏற்பாட்டாளராகப் புகழ்பெற்ற டான் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. அது தொடர்பாகத் தேடப்பட்டவர் டால்ரீ மேப் என்ற பெண்ணின் வீட்டில் ஒளிந்திருப்பதாகக் காவலர்களுக்குத் தகவல் கிடைத்தது. மேப் தன் வழக்கறிஞருக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு, ஆணை இல்லாமல் உள்ளே விட மறுத்தார். சில மணி நேரம் கழித்துக் கூடுதல் ஆட்களோடு வந்த காவலர்கள் கதவை உடைத்து நுழைந்தனர். ஆணை எங்கே என்று அவர் கேட்டபோது ஒரு தாளைக் காட்டினர். அவர் அதைப் பறித்துத் தன் உடைக்குள் வைத்துக்கொள்ள, பலவந்தமாகத் திரும்ப எடுத்து, அவருக்குக் கைவிலங்கும் மாட்டினர். பிறகு வீடு முழுவதும் துழாவப்பட்டது. தேடியது குண்டு வழக்கில் தொடர்புடைய ஓர் ஆளை. வழக்குப் போட்டது ஒரு பெட்டியில் கிடைத்த ஆபாசப் புத்தகங்களுக்காக. அந்தத் தாள் விசாரணையில் ஒருபோதும் முன்வைக்கப்படவில்லை. சட்டத்தை மீறிக் கைப்பற்றியதை மாநில நீதிமன்றங்களும் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

டெர்ரி வழக்கு

தெருச் சோதனையைப் பற்றிய வழக்கும் கிளீவ்லாந்திலிருந்தே வந்தது. 1963 அக்டோபர் 31, பிற்பகல். மார்ட்டின் மெக்ஃபேடன் என்ற துப்பறியும் அதிகாரி நகர மையத்தில் சாதாரண உடையில் ரோந்து சென்றுகொண்டிருந்தார். காவல் பணியில் 39 ஆண்டுகள் கழித்தவர்; அதே பகுதியில் கடைத் திருடர்களையும் பிக்பாக்கெட்காரர்களையும் பிடிப்பதில் 30 ஆண்டுகள். யூக்ளிட் அவென்யூவும் ஹியூரான் சாலையும் சந்திக்கும் முனையில் ஜான் டெர்ரி, ரிச்சர்ட் சில்ட்டன் என்ற இருவர் அவர் கண்ணில் பட்டனர். ஒருவர் நடந்துபோய் ஒரு கடையின் கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து மற்றவரோடு பேசுவார். பிறகு மற்றவர் போவார். ஆளுக்கு ஐந்தாறு முறை, மொத்தம் சுமார் பன்னிரண்டு நடை. இடையில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார். கொள்ளைக்கு நோட்டம் பார்க்கிறார்கள் என்று மெக்ஃபேடன் கருதினார். மூவரும் வேறொரு கடை முன் கூடியபோது அருகில் சென்று, தான் காவலர் என்று சொல்லிப் பெயர் கேட்டார். முணுமுணுப்புதான் பதிலாக வந்தது. உடனே டெர்ரியைப் பிடித்துத் திருப்பி, மேலங்கியை வெளியிலிருந்து தடவிப் பார்த்தார். மார்புப் பையில் கைத்துப்பாக்கி தட்டுப்பட்டது. சில்ட்டனிடம் இன்னொன்று இருந்தது. மூன்றாமவரிடம் எதுவும் இல்லை.

மெக்ஃபேடனிடம் ஆணை இல்லை என்பது மட்டுமல்ல. கைது செய்யும் அளவுக்குக் காரணமும் அப்போது இல்லை. கடைக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பது குற்றமாகாது. கைதுக்குப் பிந்தைய சோதனை என்று அரசுத் தரப்பு வாதிட்டதை விசாரணை நீதிமன்றமே ஏற்கவில்லை. ஆனால் தன் உயிர்ப் பாதுகாப்புக்காக ஆயுதம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு என்றது. மறைத்து ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கு டெர்ரிக்கும் சில்ட்டனுக்கும் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை சிறை. மேல்முறையீட்டில் வாதாடிய லூயிஸ் ஸ்டோக்ஸ் ஒரு கறுப்பின வழக்கறிஞர். எதிர்த்தரப்பில் நின்ற அரசு வழக்கறிஞர் ரூபன் பெய்னும் அப்படியே. டெர்ரியும் சில்ட்டனும் கறுப்பினத்தவர், மெக்ஃபேடன் வெள்ளையர். தீர்ப்பு வருவதற்குள் சில்ட்டன் இறந்துவிட்டார்.

1968 ஜூன் 10இல் தீர்ப்பு வந்தது. அந்த ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ராபர்ட் கென்னடி இறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நகரங்களில் கலவரம், குற்றங்கள் பற்றிய அச்சம், நீதிமன்றம் குற்றவாளிகளுக்குச் சலுகை காட்டுகிறது என்ற குற்றச்சாட்டு – எல்லாம் ஒரே நேரத்தில். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மெக்ஃபேடனின் செயலை ஏற்றது. தடவிப் பார்ப்பது சிறிய விஷயம், அது சோதனையே அல்ல என்ற வாதத்தை வாரன் ஏற்கவில்லை. பொது இடத்தில் கையைத் தூக்கி நிற்க வைத்து உடலைத் தடவுவது மனிதரை அவமதிக்கும் செயல், அதுவும் நான்காம் திருத்தத்துக்கு உட்பட்டதே என்றார். ஆனால் எதிரே நிற்பவர் ஆயுதத்தோடு ஆபத்தானவராக இருக்கிறார் என்று நம்ப, சொல்லிக் காட்டக்கூடிய குறிப்பான காரணங்கள் இருந்தால், கைதுக்கு வேண்டிய அளவு ஆதாரம் இல்லாமலேயே மேலுடையைத் தடவிப் பார்க்கலாம். வெறும் உள்ளுணர்வு போதாது. தேடுவது ஆயுதத்தை மட்டும்.

கடைசி நிபந்தனை வெறும் அலங்காரமல்ல என்பதை அன்றே வெளிவந்த சிப்ரன் வழக்குத் தீர்ப்பு காட்டியது. நியூயார்க்கில் ஒரு காவலர், போதைப் பழக்கம் உள்ளவர்களோடு சிப்ரன் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, நேராக அவருடைய சட்டைப் பைக்குள் கைவிட்டு ஹெராயின் பொட்டலங்களை எடுத்தார். ஆயுதம் இருப்பதாக அவர் அஞ்சவுமில்லை, முதலில் வெளியிலிருந்து தடவிப் பார்க்கவுமில்லை. அந்தச் சோதனை செல்லாது என்றது நீதிமன்றம்.

டெர்ரி வழக்கில் தனித்து நின்று மறுத்தவர் நீதிபதி வில்லியம் டக்ளஸ். ஆணை கேட்டு நீதிபதியிடம் போனால் தகுந்த காரணம் இல்லையென்று மறுக்க வேண்டிய ஒரு சோதனையை, தெருவில் நிற்கும் காவலர் சந்தேகத்தின் பேரிலேயே செய்யலாம் என்றால், நீதிபதியைவிடக் காவலருக்கு அதிக அதிகாரம் வந்துவிடுகிறதே என்பது அவர் கேள்வி.

வாரனுக்கும் கலக்கம் இல்லாமல் இல்லை. சிறுபான்மையினர், குறிப்பாகக் கறுப்பின மக்கள், காவலர்களின் தொல்லை குறித்துச் சொல்லிவரும் புகாரை அவர் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார். சாட்சியத்தை விலக்கும் விதியால் அதைத் தடுக்க முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். இந்த இடம்தான் முழு வரலாற்றிலும் முக்கியமானது. நீதிமன்றத்துக்கு வருவது துப்பாக்கியோ ஹெராயினோ கிடைத்த வழக்கு மட்டுமே. தடவிப் பார்த்து எதுவும் கிடைக்காமல் "போகலாம்" என்று அனுப்பப்பட்டவருக்கு வழக்கே இல்லை. சட்டம் வளர்ந்ததெல்லாம் ஆயுதம் வைத்திருந்தவர்களின் பெயரில். அதன் சுமையைப் பெரும்பாலும் சுமந்தவர்கள் வெறுங்கையோடு நடந்து போனவர்கள்.

அந்த வெறுங்கைக் கணக்கு நியூயார்க்கில் வெளிவந்தது. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அந்நகரக் காவலர்கள் 44 லட்சம் முறை ஆட்களை நிறுத்தியிருந்தனர். பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் உடலும் தடவிப் பார்க்கப்பட்டது. அப்படிப் பார்த்ததில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதத்தில். நிறுத்தப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் கறுப்பினத்தவர் அல்லது இஸ்பானிய வழியினர். இந்த நடைமுறை அரசமைப்புக்கு முரணானது என்று 2013 ஆகஸ்ட்டில் கூட்டாட்சி நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் தீர்ப்பளித்தார். டெர்ரி தீர்ப்பு தவறு என்று அவர் சொல்லவில்லை. அது கேட்ட குறிப்பான காரணம் இந்த நிறுத்தங்கள் பலவற்றில் இல்லை என்பதே அவர் கண்டது.

வீட்டு வாசலில்

தெருவைவிட வீட்டுக்கு நீதிமன்றம் எப்போதும் அதிக மதிப்புத் தந்துவந்துள்ளது. இருந்தாலும் அங்கும் பாதுகாப்பு விலக்குகள் நுழைந்தன. பால்டிமோரில் கொள்ளையடித்துவிட்டு ஓடி ஒரு வீட்டுக்குள் நுழைந்தவரை, சில நிமிட இடைவெளியில் பின்தொடர்ந்து வந்த காவலர்கள் ஆணையின்றி உள்ளே புகுந்து தேடியதை 1967இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆயுதத்தோடு ஒளிந்திருப்பவரை வைத்துக்கொண்டு காத்திருப்பது உயிருக்கு ஆபத்து என்பது காரணம். அங்கே ஆயுதங்கள் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடைத்தன.

ஆனால் இரண்டே ஆண்டில், 1969இல், கலிஃபோர்னியாவின் ஷிமெல் வழக்கில் நீதிமன்றம் கயிற்றை இறுக்கியது. நாணயக் கடைத் திருட்டில் ஒருவரை அவர் வீட்டிலேயே கைது செய்த காவலர்கள், கைதைச் சாக்காக வைத்து மூன்று படுக்கையறை வீடு முழுவதையும் துழாவியிருந்தனர். கைதானவர் எட்டி ஆயுதத்தை எடுக்கக்கூடிய தூரத்துக்குள் மட்டும் தேடலாம், அடுத்த அறையின் மேசை இழுப்பறை அந்தத் தூரத்தில் இல்லை என்றது தீர்ப்பு. கை எட்டும் தூரம் என்ற அளவுகோல் எளிமையானது, அளக்கவும் கூடியது. இந்த வரிசையில் மிகத் தெளிவான விதி இதுவாகவே இருக்கக்கூடும்.

அந்த அறையில் வேறொருவர் ஒளிந்திருந்தால்? 1990இல் மேரிலாந்தின் பூயி வழக்கு அந்தக் கேள்விக்கு விடை தந்தது. பீட்சா கடைக் கொள்ளையில் இருவர் ஈடுபட்டிருந்தனர். ஒருவரைப் பிடியாணையோடு வந்து நிலவறையிலிருந்து வெளியே வரவைத்துக் கைது செய்த பின், மற்றவரும் கீழே இருக்கக்கூடும் என்று ஒரு காவலர் இறங்கிப் பார்த்தார். கொள்ளையர் அணிந்திருந்ததாகச் சொல்லப்பட்ட சிவப்பு ஓட்ட உடை கண்ணெதிரே கிடந்தது. கைது நடந்த இடத்தை ஒட்டிய அறைகளை எந்தச் சந்தேகமும் இல்லாமலே பார்க்கலாம். அதைத் தாண்டிப் போக, ஆபத்தான ஒருவர் அங்கே இருப்பதாக நினைக்கக் காரணம் வேண்டும் என்றது நீதிமன்றம். பார்ப்பது ஆள் ஒளியக்கூடிய இடங்களை மட்டும், அதுவும் விரைவாக.

வீட்டில் இருப்பவரின் பாதுகாப்பு என்ற மறுபக்கம் 2006இல் யூட்டா மாநில வழக்கில் வந்தது. அதிகாலை மூன்று மணிக்கு இரைச்சல் புகாருக்காகச் சென்ற காவலர்கள் ஜன்னல் வழியே சண்டையைக் கண்டனர். ஓர் இளைஞனிடம் அடி வாங்கியவர் கழுவுதொட்டியில் இரத்தம் துப்பினார். அவர்கள் உள்ளே நுழைந்தது சரியே என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். அடிபட்டவர் மயங்கி விழும்வரை வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழி காரிலிருந்து கிளைத்தது. 1969இல் விஸ்கான்சினில் விபத்துக்குள்ளான காரின் ஓட்டுநர் சிகாகோ காவலர். அவருடைய பணித் துப்பாக்கி காரில் இருக்கலாம், யாராவது திருடிவிடலாம் என்று கருதிய உள்ளூர்க் காவலர்கள், இழுத்துச் செல்லப்பட்ட காரைத் திறந்து பார்த்தனர். கிடைத்தவையோ ஒரு கொலையை வெளிப்படுத்திய இரத்தக்கறை படிந்த பொருள்கள். குற்றத்தைத் தேடி அல்ல, பொது நலனைக் காக்கவே கார் திறக்கப்பட்டது என்பதால் 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது ஏற்கப்பட்டது. காவலரின் இந்தக் "காப்புப் பணி" வீட்டுக்கும் பொருந்தும் என்று சில கீழ் நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கின.

அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது ரோட் ஐலண்டு மாநிலத்தின் கனிக்லியா வழக்கு. 2015 ஆகஸ்ட்டில் கிரான்ஸ்டன் நகரில் ஒரு கணவன்-மனைவி சண்டையின்போது, கணவர் துப்பாக்கியை மேசைமேல் வைத்து, தன்னைச் சுட்டுவிடும்படி மனைவியிடம் சொன்னார். அன்றிரவு விடுதியில் தங்கிய மனைவி, காலையில் கணவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியாமல், அவர் நலமாக இருக்கிறாரா என்று பார்க்கும்படி காவலர்களை அழைத்தார். துப்பாக்கிகளை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் மருத்துவமனைக்குச் செல்லச் சம்மதித்தார். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் காவலர்கள் வீட்டுக்குள் நுழைந்து துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டனர். 2021 மே 17இல் ஒன்பது நீதிபதிகளும் இதை நிராகரித்தனர். கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பு நான்கு பக்கம்தான்: காருக்கு நியாயமானது வீட்டுக்கு நியாயமாகிவிடாது.

முன்பு ஏற்கப்பட்ட அவசர உதவி விலக்கு இதனால் போய்விடவில்லை என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தனிக்குறிப்பு எழுதினார். நீதிபதி அலிட்டோ ஒரு கற்பனை எடுத்துக்காட்டைச் சொன்னார்: தனியே வாழும் மூதாட்டி, வழக்கத்துக்கு மாறாகத் தொலைபேசியை எடுக்கவில்லை, அக்கம்பக்கத்தார் காவலர்களை அழைக்கிறார்கள். குற்றமும் இல்லை, ஆணை கேட்கச் சட்ட வழியும் இல்லை. உள்ளே அவர் விழுந்து கிடக்கலாம், அல்லது ஊருக்குப் போயிருக்கலாம். இந்தக் கேள்வியைத் தாங்கள் இப்போது தீர்க்கவில்லை என்றார். ஆபத்தானவர் எனக் கருதப்படுபவரின் துப்பாக்கியை நீதிமன்ற ஆணை பெற்று எடுக்க வழிசெய்யும் மாநிலச் சட்டங்களைப் பற்றியும் அதேபோல ஒதுங்கிக்கொண்டார். ரோட் ஐலண்டு அத்தகைய சட்டத்தை இயற்றியது 2018இல், கிரான்ஸ்டன் சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. கனிக்லியாவின் வழக்கு மறு விசாரணைக்காகக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது.