ஆங்கில முன்னிடைச்சொற்களும் பிரேசல் வெர்ப்களும்: ஒரு வரலாறு

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் இன், ஆன், அட், வித் போன்ற சிறு சொற்கள் முன்னிடைச்சொற்கள் (பிரிபொசிஷன்) எனப்படும். வினையோடு இத்தகைய சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவது பிரேசல் வெர்ப். 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் அப்' என்றால் கைவிடு. நம் 'கைவிடு' என்பதிலும் கையைத் தேடிப் பயனில்லை!

பழைய ஆங்கிலத்தில், தமிழைப் போலவே, பெயரின் இறுதியில் வேற்றுமை உருபுகள் இருந்தன. 11ஆம் நூற்றாண்டுக்குப் பின் அவற்றுள் பெரும்பாலானவை தேய்ந்து மறைந்தன. முன்பே இருந்த முன்னிடைச்சொற்களின் தலையில் அந்தச் சுமையும் ஏறியது. பொருளும் இடம் மாறியது. 'வித்' அன்று 'எதிராக' என்றே பொருள்பட்டது. எதிர்த்து நிற்பதைக் குறிக்கும் 'வித்ஸ்டாண்ட்' என்ற சொல்லில் அப்பொருள் இன்றும் உள்ளது. 'உடன்' என்பதற்கு அன்று 'மிட்' என்ற வேறு சொல் இருந்தது. அது 'மிட்வைஃப்' (மருத்துவச்சி) என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது.

இலக்கணக்காரர்களின் கவனமோ வேறிடத்தில் இருந்தது. 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், வாக்கியத்தை முன்னிடைச்சொல்லால் முடிப்பது குறை என்று பென் ஜான்சனின் நடையைக் கண்டித்தார். பிறகு தம் பழைய கட்டுரையிலேயே அத்தகைய இடங்களைத் திருத்தினார். 1762இல் ராபர்ட் லவுத்தின் இலக்கண நூலும், உயர்ந்த நடைக்கு அது பொருந்தாது என்றது. ஆங்கிலேயர் இயல்பாகப் பேசுவதைத் திருத்துவதில் இவ்வளவு அக்கறை!

பிறமொழியாளரின் உண்மையான இடர்ப்பாட்டைக் கண்டவர் சாமுவேல் ஜான்சன். 1755இல் வெளிவந்த அகராதியின் முன்னுரையில், வினையோடு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறுவதே அயலாருக்கு மிகக் கடினம் என்று குறித்து, அவற்றைக் கவனமாகத் தொகுத்ததாகவும் எழுதினார். 'பிரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூல் பரப்பியது. கற்பவருக்காகவே ஒரு முழு அகராதி, 1942இல் டோக்கியோவில் ஏ. எஸ். ஹார்ன்பி குழுவினரால் வெளிவந்தது. ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்பதை அது காட்டியது.

தமிழ் மாணவருக்கு இது மிக முக்கியம். பெட்டியில், மேசையில், வாசலில் என மூன்றுக்கும் நமக்கு 'இல்' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் முறையே இன், ஆன், அட் வேண்டும். 'பற்றி விவாதித்தோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுகிறோம். அங்கே 'அபவுட்' தேவையில்லை. 'உடன்' என்று நினைத்து 'மேரீட் வித்' என்கிறோம். சரியானது 'மேரீட் டு'. உருபை மொழிபெயர்க்காமல், வினையை அதன் துணைச்சொல்லோடு சேர்த்து 'டிபெண்ட் ஆன்', 'லிசன் டு' என்று ஒரே சொல்லைப் போல மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.