வாங்கும் கூரையும்: யாழ்ப்பாணப் பாடசாலை வரலாற்றில் இடவசதி பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாறு பெரும்பாலும் தாபகர்களின் வரலாறாகவும் பரீட்சைப் பெறுபேறுகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. மாணவர் அமர்ந்த வாங்கும் அவர்களுக்கு மேலிருந்த கூரையும் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. மாணவர் தொகை பெருகுங்கால் இடவசதியைக் கூட்டுவதும் பாதுகாப்பை உறுதிசெய்வதும் வெறும் கட்டட வேலைகளாகவே கொள்ளப்படுகின்றன. ஆயின், ‘இடம் போதாது’ என்ற கூற்றின் பின்னே ‘யாருக்கு இடம்?’ என்ற வினா எப்பொழுதும் மறைந்து நின்றது என்பதையே நாம் இங்கு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முந்திய ஐரோப்பிய ஆட்சியாளர் விட்டுச்சென்ற தேவாலயக் கட்டடங்களைப் பெற்று, அவற்றைத் திருத்தியே தம் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையும் தோன்றின. இவற்றுக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமங்களிலே பாடசாலைகளைப் பரப்பியது. காணியும் பொருளும் நிலவுடைமையாளரிடமிருந்தும் மலாயாவில் உத்தியோகம் பார்த்தோரிடமிருந்தும் வந்தன. இம்முயற்சிகளின் பெறுமதியை நாம் மறுக்கவில்லை. எனினும், காணியை உடைய வர்க்கமே பாடசாலையின் வாசலையும் காத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளில் அனுமதி இல்லை. அனுமதி கிடைத்தவிடத்தும் அவர்கள் நிலத்திலே இருத்தப்பட்டனர். ஆகவே, அங்கு பற்றாக்குறையாயிருந்தது வாங்கு அன்று. இந்நிலையிலேயே வடமராட்சியில் சூரர் என்பார் தம் மக்களுக்கெனத் தேவரையாளிப் பாடசாலையைத் தோற்றுவித்தார்.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டுமென்ற பணிப்பு வந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அதனை ஆதரித்தது. பழைமைவாதிகள் கடுமையாக எதிர்த்தனர். ஒடுக்கப்பட்டோரைச் சேர்த்துக்கொண்ட பாடசாலைகள் சில எரியூட்டப்பட்டன. கிடுகு வேய்ந்த கொட்டிலே எளிய கிராமப் பாடசாலையின் வடிவமாயிருந்த காலம் அது. பாடசாலைப் பாதுகாப்பு என்னும் பிரச்சினை யாழ்ப்பாணத்தில் முதன்முதல் கூர்மையுற்றது இத்தீயிலேயே எனலாம். சம ஆசனம் சட்டமான பின்னரும் நிந்தை தொடர்ந்தது. எழுத்தாளர் டொமினிக் ஜீவா சிறுவயதிலேயே பள்ளியை விட்டு நீங்கியமைக்கு ஆசிரியர் ஒருவரின் சாதி நிந்தையே காரணமாயிற்று.

எரியும் கூரை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. 2004 ஜூலை 16இல் தமிழகத்துக் கும்பகோணத்தில், ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள் நெருக்கி நடத்தப்பட்ட இடத்திலே, சமையற்கூடத் தீ கீற்றுக் கூரையைப் பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். முன்னையது சாதி வன்மத்தின் தீ. பின்னையது இலாப நோக்கும் அலட்சியமும் மூட்டிய தீ. காரணங்கள் வேறாயினும், எரியும் கூரையின் கீழ் இருந்தோர் இரண்டிடத்தும் பெரும்பாலும் எளியோரின் பிள்ளைகளே.

கன்னங்கரா முன்னின்று கொணர்ந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. கட்டணம் என்ற தடை நீங்கவே மாணவர் தொகை பெருகிற்று. ஆயின், வாசல் திறந்த வேகத்திற்குக் கட்டடம் வளரவில்லை. வசதி படைத்த பழைய கல்லூரிகளுக்கும் கொட்டிலிற் பிறந்த பாடசாலைகளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு உடைமை மாற்றத்தால் மட்டும் மறைந்துவிடவில்லை.

போர்க்காலம் பாதுகாப்பின் பொருளையே மாற்றியது. 1995 செப்ரெம்பர் 22இல் நாகர்கோவில் பாடசாலைப் பகுதியில் நிகழ்ந்த விமானக் குண்டுவீச்சில் மாணவர் பலர் கொல்லப்பட்டனர். ஓடும் சுவரும் அங்கே காப்பாகவில்லை.

இன்று பெயர்பெற்ற நகரப் பாடசாலைகளில் இடநெருக்கடியும், கிராமப் பாடசாலைகள் பலவற்றில் மாணவர் பற்றாக்குறையும் ஒருங்கே காணப்படுகின்றன. நெரிசல் மிக்க இடத்தில் மேலும் ஒரு மாடி கட்டுவது எளிது. பிள்ளைகள் ஏன் அங்கு நோக்கிச் செல்கின்றனர் என்று கேட்பதே கடினம். அயற்பாடசாலையின் கூரையும் கழிப்பறையும் ஆய்வுகூடமும் சீர்பெறாதவரை, நகரத்திற் கட்டப்படும் ஒவ்வொரு மாடியும் அவ்வயற்பாடசாலையை வெறுமையாக்கும். ஒரு சமூகத்தின் கல்வி வளர்ச்சியை அதன் மிகவுயர்ந்த மாடியைக் கொண்டன்றி, அதன் கடைசி வாங்கைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது.