திருக்கோட்டியூர்க் கோபுரம் முதல் கம்பியில்லா ஒலிவாங்கி வரை

திருமந்திரத்தின் உட்பொருளை அறிய விழைந்த இராமாநுசர், திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்று வைணவ குருபரம்பரை வரலாறு கூறுகின்றது. எவருக்கும் வெளியிடலாகாது என்னும் ஆணையோடு தம் ஆசாரியர் அருளிய அப்பொருளை, அவர் திருக்கோயிலின் உயர்ந்த நிலையில் ஏறிநின்று, கீழே கூடியிருந்தோர் யாவரும் கேட்குமாறு உரைத்தருளினார். தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும் பலர் உய்வரே என்பதே அப்பெருந்தகையின் எண்ணம்.

இதற்கு மாறான மற்றொரு காட்சி சுவாமிமலைத் தலவரலாற்றில் உண்டு. அங்கே, பிரணவத்தின் பொருளைத் தந்தையாகிய சிவபெருமானின் திருச்செவியில் மெல்ல ஓதிக் குமரக்கடவுள் சுவாமிநாதன் ஆகின்றான். அருகில் நின்றோர்க்கும் அச்சொல் கேட்கவில்லை.

உயரத்தில் நின்று ஊர் கேட்கச் சொல்வது ஒன்று. செவியருகே சென்று ஒருவர்க்கு மட்டும் சொல்வது மற்றொன்று. இவ்விரண்டும் சமயமரபில் உள்ள நெறிகளே. இன்று ஆலயந்தோறும் இடம்பெற்றுள்ள கம்பியில்லா ஒலிவாங்கியின் வரலாற்றை ஆராயப்புகுவோர், இவ்விரு காட்சிகளையும் நெஞ்சில் இருத்துதல் நலம்.

தொலைவு தந்த தடை

திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். ஐந்தடித் தொலைவில் தெளிவாகக் கேட்கும் தேவாரம், நாற்பதடிக்கு அப்பால் குழந்தையின் அழுகையிலும் கூட்டத்தின் முணுமுணுப்பிலும் கரைந்துவிடுகின்றது. முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். நாகசுரமும் தவிலும், சங்கும் கண்டாமணியும், பறையும் உறுமியும் திறந்தவெளியை வெல்லவல்ல கருவிகளாகவே அமைந்தன. மனிதக் குரலுக்கு மட்டும் அத்தகைய வலிமை இல்லை. எனவே பூசை தொடங்கியதை மணியோசையால் அனைவரும் அறிந்தனர். ஓதப்பட்டது என்ன என்பதை முன்வரிசையினரே அறிந்தனர். தூணோரம் அமர்ந்த முதியோரும், கைக்குழந்தையோடு வாயிலருகே நின்ற தாய்மாரும் தீபவொளியைக் கண்டு கைகூப்பியதோடு மனநிறைவு கொள்ள வேண்டியிருந்தது.

பெருங்குரல் பிறந்தது

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்னும் இருவர் ஒலிபெருக்கி ஒன்றை உருவாக்கி, 1915ஆம் ஆண்டில் பொதுமக்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டினர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'மேக்னவாக்ஸ்'. இலத்தீன மொழியில் 'பெருங்குரல்' என்பது அதன் பொருள். 1919 செப்டம்பரில் சான் டியேகோ நகரில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் இக்கருவியின் துணையோடு பல்லாயிரவர்க்கு உரையாற்றினார். கோபுரம் ஏறாமலே ஊர்கேட்கப் பேசும் காலம் அவ்வாறு பிறந்தது.

மலாயாவின் தோட்டப்புற ஆலயங்களில் ஒலிபெருக்கி நுழைந்தபோது அது திருவிழாவின் அடையாளமாகவே மாறியது. மரக்கிளையிலோ மூங்கில் கம்பத்திலோ கட்டப்பட்ட கூம்பு வடிவக் குழாயிலிருந்து பாட்டொலி எழுந்தால், அடுத்த தோட்டத்தினரும் திருவிழா தொடங்கியதை உணர்ந்தனர். டி.எம். சௌந்தரராசனின் முருகன் பாடல்களும், சீர்காழி கோவிந்தராசனின் கணீரென்ற குரலும், எல்.ஆர். ஈசுவரியின் அம்மன் பாடல்களும் இந்நாட்டுத் தமிழரின் உள்ளத்தில் ஆழப்பதிந்ததில் அக்குழாய்க்குப் பெரும்பங்கு உண்டு எனின் மிகையாகாது.

ஆயினும் ஒலிவாங்கியைக் கம்பி ஒன்று கட்டிப்போட்டிருந்தது. அபிடேகம் முடிந்த ஈரத்தரையில் நெளிந்து கிடக்கும் கம்பி, வலம்வருவோரின் காலை இடறியது. ஓதுவார் கருவறை முன்னின்று பாடினால் குரல் கேட்கும். சுவாமி உள்வீதி உலா புறப்பட்டுவிட்டாலோ அவர் குரல் நாகசுர ஒலியில் மூழ்கிவிடும்.

கம்பி அகன்றது

கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளை 1880களின் இறுதியில் செருமானிய அறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தார். 1890களின் நடுவில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், அவ்வலைகளைச் சுவரினூடே செலுத்தித் தொலைவிலிருந்த மணியொன்றை ஒலிக்கச் செய்தார். வானலை வழியே செல்லும் செய்திக்குப் பாரதத்தில் முதற்கட்டியம் கூறியது ஒரு மணியோசை என்பது ஆலய அன்பர்கள் எண்ணி மகிழத்தக்கது.

அவ்வலையில் மனிதக் குரலை ஏற்றி அனுப்பும் வானொலி விரைவில் வளர்ந்தது. எனினும் அலைபரப்பும் கருவியை ஒருவர் தம் உடலோடு சுமந்து செல்லும் அளவுக்குச் சுருக்க நெடுங்காலம் ஆயிற்று. 1953இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 'வேகபாண்ட்' என்னும் கம்பியில்லா ஒலிவாங்கியை வெளியிட்டது. 'நாடோடி' எனப் பொருள்படும் பெயரைக் கொண்டிருந்தும், ஏறத்தாழ 700 சதுர அடிப் பரப்புக்குள் மட்டுமே அது உலவ முடிந்தது. வெற்றிடக் குழாய்களால் இயங்கியமையால் அது விலைமிக்கதாகவும் எளிதில் பழுதுபடுவதாகவும் இருந்தது. 1957இல் செருமனியின் சென்ஹைசர் நிறுவனம், அந்நாட்டு ஒலிபரப்பு நிலையம் ஒன்றோடு இணைந்து 'மைக்ரோபோர்ட்' என்னும் கருவியை உருவாக்கியது. 1964இல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' திரைப்படத்தில் நடிகர் ரெக்ஸ் ஹாரிசன் தம் கழுத்துப்பட்டிக்குள் இத்தகைய ஒலிவாங்கியை மறைத்துவைத்துப் பாடினார். சிறந்த ஒலிப்பதிவுக்கான ஆஸ்கர் விருது அப்படத்திற்குக் கிட்டியது.

இதன் வளர்ச்சிக்கு மூன்று படிகள் துணைநின்றன. 1947இல் கண்டறியப்பட்ட டிரான்சிஸ்டர் கருவியைச் சிறிதாக்கியது. குரலின் ஏற்ற இறக்கங்களை அனுப்பும் முனையில் சுருக்கி, பெறும் முனையில் மீண்டும் விரிக்கும் முறை 1970களில் புகுந்து இரைச்சலைத் தணித்தது. ஒரே பெறுகருவிக்கு இரண்டு வானலைக் கம்பிகளைப் பொருத்தி, எதில் அலை வலிதோ அதனைத் தேர்ந்துகொள்ளும் முறை மூன்றாவது படி. ஒரு செவி மங்கினால் மறுசெவி கேட்பது போன்றது அது.

குடமுழுக்கில் கண்ட பயன்

இக்கருவியின் அருமையை உணர்த்தவல்ல நிகழ்ச்சி குடமுழுக்கே ஆகும். கடங்கள் யாகசாலையிலிருந்து புறப்பட்டு ஆலயத்தை வலம்வந்து, சாரக்கட்டின் வழியே விமானத்தின் உச்சிக்குச் செல்கின்றன. சிவாச்சாரியார்கள் மேலே நிற்க, பல்லாயிரவர் கீழே அண்ணாந்து நிற்பர். கொடியசைத்துக் குறிப்புத் தந்தவுடன் எல்லாக் கலசங்களிலும் ஒருங்கே புனிதநீர் சொரியப்படும். முற்காலத்தில் வருணனையாளர் கீழேயே நின்று, கண்ணுக்கு எட்டியதை மட்டும் சொல்லிவந்தார். மந்திர ஒலி மேலேயே காற்றில் கலந்தது. கம்பியில்லா ஒலிவாங்கி வந்தபின், விமானத்தின் உச்சியில் ஓதப்படும் மந்திரம் வீதியின் கடைக்கோடியில் நிற்கும் முதியவரின் செவியையும் எட்டியது. திருக்கோட்டியூரில் இராமாநுசர் விரும்பிய பயன் இதுவேயன்றோ!

அலைகளின் இயல்பும் அரசின் விதியும்

கருவியை வாங்கியவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. 600 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள அலையின் நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். மனித உடலில் நீர் மிகுதியாதலால், நெருங்கி நிற்கும் கூட்டம் அவ்வலையை உறிஞ்சிவிடும். வெள்ளித்தேரும் பித்தளைக் கதவும் அதனைத் திருப்பியடிக்கும். ஆகவே பெறுகருவியின் வானலைக் கம்பிகள் மக்களின் தலைக்குமேல் உயரமாக, ஒலிவாங்கியை நேரே நோக்குமாறு அமைதல் வேண்டும். ஒலிவாங்கியோடு ஒலிபெருக்கியின் முன்னே நடந்தால் ஊளையொலி எழும். ஒரே அதிர்வெண்ணில் இரு ஒலிவாங்கிகளை இயக்கினால் இரண்டும் கெடும். புதிய மின்கலத்தை முதற்காலப் பூசைக்கு முன்பே மாற்றிவிட வேண்டுமேயன்றி, தீபாராதனையின் நடுவே தேடலாகாது.

வானலையும் ஒரு பொதுச்சொத்தே. பல்லாண்டுகளாகக் கம்பியில்லா ஒலிவாங்கிகள் தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு இடையே இருந்த வெற்றிடங்களில் இயங்கிவந்தன. 2019ஆம் ஆண்டில் மலேசியாவும் சிங்கப்பூரும் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தின. விடுபட்ட 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைத்தொலைபேசிச் சேவைக்குரியதாயிற்று. மலேசியாவில் 2021 டிசம்பரில் தொடங்கிய 5ஜி சேவையும் அதனைப் பயன்படுத்துகின்றது. அப்பகுதியில் இயங்கும் பழைய ஒலிவாங்கியை இன்றும் வைத்திருக்கும் ஆலயங்கள், அதன் அடியில் பொறிக்கப்பட்டுள்ள அதிர்வெண்ணைப் பார்த்தறிவது கடமையாகும். நன்கொடையாளரின் பெயர் பொறித்த கருவியாயினும், விதிக்குப் புறம்பானதை விலக்குவதே முறை.

செவிக்கு உரியதும் கோபுரத்திற்கு உரியதும்

இறுதியாக ஒன்று. கம்பி இருந்த காலத்தில் ஒலிவாங்கியை விட்டு நகர்ந்தால் குரலும் நின்றது. இன்றோ அது குருக்களின் மார்பிலேயே தங்கி, அவர் செல்லுமிடமெல்லாம் செல்கின்றது. அர்ச்சனைத் தட்டோடு வரும் அன்பர், பெயரும் நட்சத்திரமும் மட்டுமா சொல்கின்றார்? மகனின் நோயையும், மகளின் தடைப்பட்ட திருமணத்தையும், இழந்த வேலையையும் தாழ்ந்த குரலில் சொல்கின்றார். அணைக்கப்படாத ஒலிவாங்கி அத்துயரை மண்டபம் முழுதும் பரப்பிவிட்டால், அவர் மீண்டும் வாய்திறவார். இறைவனிடம் சொல்லவந்ததை ஊருக்குச் சொல்லிவிடுவது பெரும்பிழை. அர்ச்சனைத் தட்டைக் கையில் வாங்குமுன் ஒலிவாங்கியின் விசையைத் தணித்துவிடும் பழக்கம், மணியடித்துத் திரைவிலக்கும் பழக்கத்தைப் போன்றே பேணப்படுதல் வேண்டும். ஆலயத்தைச் சூழ்ந்து வாழும் பிற இனத்தவர்க்கும் அமைதியான இரவு தேவை என்பதை மறவாது, ஒலியின் அளவைக் காப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே.

கோபுரத்தின் மேல் நின்று சொல்லத்தக்க சொல்லும் உண்டு. செவியருகே மட்டும் சொல்லத்தக்க சொல்லும் உண்டு. முன்னதற்கு இராமாநுசரும், பின்னதற்குச் சுவாமிநாதனும் வழிகாட்டியுள்ளனர். இரண்டையும் பிரித்தறிய எக்கருவியும் அறியாது. அதனை இயக்கும் கைகளுக்கு அவ்வறிவை எல்லாம்வல்ல இறைவன் அருள்வானாக.