அனுபமா ராமச்சந்திரன்

அனுபமா ராமச்சந்திரன் (பிறப்பு 2002) சென்னையைச் சேர்ந்த ஸ்னூக்கர் வீராங்கனை. 2025 நவம்பர் 13 அன்று கத்தார் தலைநகர் தோஹாவில் நடந்த ஐ.பி.எஸ்.எஃப். உலக மகளிர் ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில், ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்ற ஃபிரேம் (சுற்று) கணக்கில் வென்றார். பதினைந்து சிவப்புப் பந்துகள் கொண்ட முழு ஆட்டத்தில் இந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியப் பெண் இவர்தான். அப்போது அவருக்கு வயது 23.

ஐ.பி.எஸ்.எஃப். என்பது அமெச்சூர் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் போட்டிகளை நடத்தும் பன்னாட்டுக் கூட்டமைப்பு. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ரோனி ஓசல்லிவன் வகையறா ஆடுவது தொழில்முறைச் சுற்று. அது வேறு அமைப்பு. இந்தியாவின் உலகப் பட்டங்களில் பெரும்பாலானவை அமெச்சூர் பக்கத்திலிருந்துதான் வந்தவை. இந்திய வீரர் பங்கஜ் அத்வானி 2012இல் தொழில்முறைச் சுற்றுக்குப் போய், 2014இல் அதை விட்டுத் திரும்பிவந்தார். பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் சேர்த்து 2024 நவம்பருக்குள் அவர் கைக்கு வந்த உலகப் பட்டங்கள் 28.

ஊட்டியில் எழுதிய விதிகள்

இந்த ஆட்டத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1875 வாக்கில் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த நெவில் சேம்பர்லின் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி, அப்போது வழக்கில் இருந்த ஒரு மேசை ஆட்டத்தில் கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். (பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான நெவில் சேம்பர்லின் வேறு ஆள்.) பிறகு அவர் சென்னை ராணுவத் தலைமைத் தளபதி ராபர்ட்ஸின் பணியாளர் குழுவில் சேர்ந்தார். கோடையானால் அலுவலகமே உதகமண்டலத்துக்கு ஏறிவிடும் காலம் அது. ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் 1882இல் ஸ்னூக்கரின் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. உலகம் முழுவதும் இன்று ஆடப்படும் ஆட்டத்துக்குச் சட்டம் வகுத்த ஊர் நீலகிரியில் இருக்கிறது என்பது நம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் இடம்பெறத் தகுந்த செய்தி.

ஆனால் ஆட்டம் கிளப்பின் கதவைத் தாண்டவில்லை. உறுப்பினர் சந்தா, ஷூ அணிந்துதான் வரவேண்டும் என்ற கட்டுப்பாடு, யாராவது ஒருவரின் சிபாரிசு என்று எல்லாம் கடந்து உள்ளே போனால்தான் மேசையையே பார்க்க முடியும். கிளப்புக்கு வெளியே இருந்தவை ஸ்னூக்கர் பார்லர்கள். தமிழ் சினிமாவோ அவற்றை வில்லனின் கூடாரமாகவே காட்டிப் பழக்கிவிட்டது. பெண் பிள்ளையை அங்கே அனுப்ப எந்த வீட்டில் சட்டென்று மனம் வரும்?

அனுபமா ஆட்டத்தைக் கற்றது மயிலாப்பூர் கிளப்பில், பதின்ம வயதின் தொடக்கத்தில், ஒரு கோடைக்காலப் பயிற்சி முகாமில். ஆக அவரும் கிளப் வழியாக வந்தவர்தான். அங்கிருந்து தேசிய ஜூனியர் பட்டங்கள் வரிசையாக வந்தன. 2023இல் பாங்காக்கில் நடந்த மகளிர் உலகக் கோப்பை அணிப் போட்டியில் மத்தியப் பிரதேசத்தின் அமீ கமானியுடன் ஜோடி சேர்ந்து, ரியான் எவன்ஸ், ரெபெக்கா கென்னா ஆகியோர் ஆடிய இங்கிலாந்து ஜோடியை இறுதியில் வென்றார். எவன்ஸ் பன்னிரண்டு முறை உலக மகளிர் பட்டம் பெற்றவர். அந்த வெற்றி பேசப்பட்டது; ஆனால் ஜோடி ஆட்டத்தில் பாரம் பாதிதான்.

ஒரு ஃபிரேம் எப்படித் தீர்கிறது

பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம் உள்ள மேசை. பச்சைத் துணிக்கு அடியில் கனமான சிலேட் கல். வெள்ளைப் பந்தோடு சேர்த்து 22 பந்துகள். ஒரு சிவப்பைக் குழியில் போட்டால் ஒரு புள்ளி. அதன்பின் ஏதேனும் ஒரு வண்ணப் பந்தைப் போட வேண்டும். மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. சிவப்புகள் தீரும்வரை போடும் வண்ணப் பந்துகள் மேசைக்குத் திரும்பி வரும். பிறகு ஆறு வண்ணங்களையும் வரிசைப்படி இறக்க வேண்டும். அதற்கு மொத்தம் 27. ஒவ்வொரு சிவப்புக்கும் கறுப்பைச் சேர்த்து எதையும் தவறவிடாமல் ஆடினால் 147 வரும்.

பார்ப்பவர் கண் குழியில் விழும் பந்தின் மேல் இருக்கும். ஆடுபவரின் கவனமெல்லாம் வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்பதில்தான். குச்சியின் முனையில் சாக் தடவி, குனிந்து, தாடையைக் குச்சியோடு ஒட்டிவைத்து, இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்த்து அடிக்கும் அந்தச் சில நொடிகளில், அடுத்த அடிக்கும் அதற்கு அடுத்த அடிக்கும் இடம் பார்த்தாகிவிட வேண்டும். போட முடியாத நிலை வந்தால், எதிராளிக்கும் எதுவும் கிடைக்காதபடி வெள்ளையை மறைவில் கொண்டுபோய் வைப்பது இன்னொரு கலை. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கட்டம் சலிப்பாக இருக்கும். ரசிகர்களுக்கு அதுதான் விருந்து.

தோஹா இறுதிப் போட்டி

எதிரே நின்ற இங் ஆன் யீ 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் உலக மகளிர் பட்டம் வென்றவர். இந்தியர்களுக்கு அந்தப் பெயர் வேறொரு காரணத்தாலும் நினைவில் உண்டு. 2017இல் சிங்கப்பூரில் நடந்த உலக மகளிர் இறுதியில் இந்தியாவின் வித்யா பிள்ளை அவரோடு கடைசி ஃபிரேம் வரை போராடி 5-6 என்று தோற்றார். கையெட்டும் தூரத்தில் போன பட்டம் அது.

தோஹா இறுதி ஐந்து ஃபிரேம்கள் கொண்டது. மூன்றை முதலில் எடுப்பவருக்கு வெற்றி. கணக்கு இப்படிப் போனது: 51-74, 65-41, 10-71, 78-20, 68-60. கடைசி ஃபிரேமின் இடைவெளி எட்டுப் புள்ளி. ஒரு கறுப்புப் பந்து விழுந்தாலே ஏழு. ஐந்து ஃபிரேம்களையும் கூட்டிப் பார்த்தால் அனுபமா 272, இங் 266. ஓர் உலகப் பட்டத்துக்கான ஆட்டத்தில் இருவருக்கும் இடையே மொத்தத்தில் இருந்தது ஆறே புள்ளிகள்.

செய்தித்தாள்கள் கடைசி ஃபிரேமைத்தான் கொண்டாடின. இயல்புதான். ஆனால் அனுபமாவின் ஆட்ட வாழ்க்கையில் திருப்புமுனை என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் நான்காவது ஃபிரேமையே சுட்ட வேண்டும். மூன்றாவதில் அவர் எடுத்தது பத்துப் புள்ளி. 1-2 என்று பின்தங்கிய நிலை. இன்னொன்று போனால் கதை முடிந்தது. ஸ்னூக்கரில் எதிராளி ஆடும்போது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. டென்னிஸ்போல் ஓடி வியர்த்துப் பதற்றத்தைத் தீர்க்க வழியில்லை. 10-71 என்று நொறுங்கிய அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, மூன்று முறை உலகப் பட்டம் வென்றவரை 20 புள்ளியில் நிறுத்தி 78 எடுத்தார். கடைசி ஃபிரேமின் நெருக்கத்தில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம்; 78-20 என்ற கணக்கில் அதற்கு இடமில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். உலகப் பட்டத்துக்கான இறுதியை ஐந்து ஃபிரேம்களில் முடிப்பது சிக்கனமே தவிர நியாயம் ஆகாது. சிங்கப்பூரில் வித்யா ஆடியது பதினொன்று. நீண்ட ஆட்டத்தில் ஒரு ஃபிரேம் சரிந்தாலும் மீள அவகாசம் உண்டு.

ரசிகர்கள்

ஸ்னூக்கருக்கு ரசிகர் கூட்டத்தை உருவாக்கியது தொலைக்காட்சி. வண்ணத் தொலைக்காட்சி வந்த புதிதில், 1969இல் பி.பி.சி. தொடங்கிய 'பாட் பிளாக்' நிகழ்ச்சி பந்துகளின் நிறத்தை வீட்டுக்கே கொண்டுவந்தது. 1985 உலக இறுதியில் டென்னிஸ் டெய்லர், ஸ்டீவ் டேவிஸை 18-17 என்று கடைசி ஃபிரேமின் கடைசிக் கறுப்புப் பந்தில் வென்றபோது நள்ளிரவு தாண்டியிருந்தது, பிரிட்டனில் 1.85 கோடிப் பேர் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தனர்.

இந்தியாவில் அப்படி ஓர் இரவு வாய்க்கவில்லை. 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் விளையாட்டில் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. 1984இல் டப்ளினில் ஓம் அகர்வால் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தைக் கொண்டுவந்தார். இரண்டுமே மறுநாள் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. இப்போதைய ரசிகர் கைப்பேசியில் நேரலை பார்க்கிறார், ஸ்கோரைப் பத்து பேருக்கு அனுப்புகிறார், அரங்கில் விசில் அடிக்க முடியாத குறையை வாட்ஸ்அப்பில் தீர்த்துக்கொள்கிறார். அடிக்கும்போது அரங்கம் மூச்சு விடக் கூடாது என்ற ஒழுங்கு கிரிக்கெட் ரசிகருக்குப் பழக நாளாகும்.

ரசிகர் ஆவது வேறு, ஆட்டக்காரர் ஆவது வேறு. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரில் ஒரு பெண் பிள்ளை தோஹா ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஆட வேண்டும் என்று சொன்னால் முதல் தடை இடம். மேசை பன்னிரண்டு அடிதான் என்றாலும் நான்கு பக்கமும் குச்சியை வீச இடம் வேண்டும்; ஏறக்குறைய 22 அடிக்கு 16 அடி உள்ள அறை தேவை. மேசையின் எடை ஒரு டன்னுக்கு மேல். துணியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். கேரம் பலகைக்கு இந்தத் தொல்லை இல்லை, தெருத்திண்ணை போதும். 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் கேரம் உலகப் பட்டம் வென்ற சென்னை மரிய இருதயத்துக்குப் பின்னால் அந்த ஆட்டம் வடசென்னைத் தெருக்களில் வேரூன்றியதற்கும், ஸ்னூக்கர் கிளப்புக்குள்ளேயே நின்றதற்கும் இட அளவில் உள்ள இந்த வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம்.

மாவட்டத் தலைநகரின் விளையாட்டு அரங்கில் ஒரே ஒரு மேசை, அதற்கு ஒரு பயிற்சியாளர், பெண்களுக்கென்று தனி நேரம்: அரசு செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடுத்த வீராங்கனை கிளப் உறுப்பினர் குடும்பத்திலிருந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயம் அப்போதுதான் நீங்கும்.