மெழுகுக் குழாயின் கதை

மாதனூர் வீட்டுப் பரணில் தாத்தாவின் வால்வு ரேடியோ கிடந்தது. 1938 ஜூன் 16-இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையத்தின் குரலைத் தாத்தா கேட்டதெல்லாம் அதில்தான். அதைப் பாட வைக்க ஆசைப்பட்டேன்.

ஆம்பூர் மெக்கானிக் உள்ளே பார்த்துவிட்டு, "பிளக்கைச் சொருகிடாதீங்க சார்! கண்டென்சருங்க எல்லாம் போயிடுச்சி" என்றார்.

கண்டென்சர் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாத்திரம். ஹாலந்தின் லைடன் நகரில் 1746-இல் முஷன்ப்ரூக் என்ற பேராசிரியர் கையில் அது தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஜாடியாக இருந்தது. பிற்காலத்தில் காகிதத்தையும் உலோகத் தகட்டையும் சுருட்டி மெழுகில் தோய்த்தார்கள். மலிவுதான், ஆனால் காகிதம் ஈரத்தை இழுக்கும். உப்புத்தோலை மழைக்காலத்தில் காத்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரம் ஏறினால் மின்சாரம் கசியும். கடைசி வால்வு கொதிக்கும், டிரான்ஸ்பார்மரும் கருகும்.

"அந்தக் காலத்துச் சரக்கு, பிரிக்காதது" என்று பெருவிலை சொல்பவர்கள் உண்டு. எனக்கும் சபலம் தட்டியது. பெட்டிக்குள் தூங்கினால் மட்டும் காகிதத்துக்கு வயதாகாதா? 1941-இல் இங்கிலாந்தில் பிறந்த பாலியெஸ்டர், மெல்லிய படலமாகிக் காகிதத்தின் இடத்துக்கு வந்தது. சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்தான். மைக்ரோஃபாரட் பழையதைப்போலவே இருக்கட்டும். வோல்ட் 400-க்குக் குறைய வேண்டாம், 630 என்றால் நிம்மதி.

மெக்கானிக் பழைய மெழுகுக் குழாய்களைக் குடைந்து, புதியவற்றை உள்ளே வைத்து மூடினார். அன்றிரவு கரகரப்போடு ஒரு குரல் வந்தது. அப்பா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தார். தாத்தாவுக்கு இரைச்சல் ஆகாது.